பணம் கொடுத்தது நாம், பொருள் யாருடையது?



திருவண்ணாமலை மாவட்டத்தில் வேங்கிக்கால் என்னும் ஊரின் பெயரை அறியாதவர் மிகச் சிலரே இருப்பர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் அமைந்துள்ளது. திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திற்காகச் செங்கம், செய்யாறு, வந்தவாசி முதலிய ஊர்களிலிருந்து பேருந்தேறி வருகின்ற எளிய மக்கள் பலர் முதலில் கால் வைப்பது ஆட்சியர் அலுவலகத்தில் அன்று. மனு தட்டச்சு செய்து தரும் சிறு கடைகளில்தான்.

அத்தகைய கடையொன்றை என் தமக்கையின் மகன் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறார். பகலில் பட்டா மாறுதல் மனு, ஜெராக்ஸ், ஆதார் நகல். மாலையில் திருமண அழைப்பிதழ், ஜமாஅத் அறிவிப்பு, எப்போதாவது ஒரு சிறு நூல். இரண்டு கணினிகள், ஓர் அச்சுப்பொறி, நாள் முழுதும் ஓயாமல் சுழலும் ஒரு மின்விசிறி. இவ்வளவே அவருடைய மூலதனம்.

சென்ற மாதம் நான் அங்கே சென்றிருந்தபோது ஒரு சகோதரி வந்தமர்ந்திருந்தார். அவருடைய தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் ஊர்க் குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டறிந்து, நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு நூலாக எழுதினார். 2015-இல் அந்நூல் இக்கடையில்தான் தட்டச்சாகிப் பக்கம் அமைக்கப்பட்டது. ஐந்நூறு படிகள் அச்சிட்டார்கள். ஆசிரியர் இப்போது இல்லை. படிகளும் தீர்ந்துவிட்டன. அவர் தம் சொந்தப் படியின் ஓரங்களில் மைப்பேனாவால் எழுதி வைத்திருந்த திருத்தங்களைச் சேர்த்து மறுபதிப்புக் கொண்டுவர வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

"கோப்பு பத்திரமாக இருக்கிறதம்மா. ஆனால் திறக்க முடியவில்லை" என்றார் என் மருமகன்.

"திறக்க முடியாவிட்டால் அது எங்கே இருக்கிறது பாய்?" என்று அந்தச் சகோதரி கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. நடந்தது இதுதான். அந்நூலைப் பக்கம் அமைத்த மென்பொருளை அவர் விலைக்கு வாங்கவில்லை. மாதச் சந்தாவுக்கு எடுத்திருந்தார். அப்போது வேறு வழியும் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. திருமணங்கள் நின்றன, மனு எழுத வருவோரும் இல்லை. வீட்டுச் செலவுக்கே வழி தேடிய காலத்தில் சந்தா யார் கட்டுவது? கட்டவில்லை, மென்பொருள் உறங்கிவிட்டது. பின்னர் விலை குறைந்த வேறொன்றைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். (நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் குற்றம் சொல்வதில் பயனுமில்லை.)

"ஒரு மாதச் சந்தாவைக் கட்டித் திறந்துவிட்டால் போகிறது!" என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அதையே சொன்னேன். "முயன்று பார்த்தேன், மாமா. பழைய பதிப்பை இப்போது தருவதில்லை. புதிய பதிப்பை இந்தக் கணினி ஏற்பதில்லை. புதுக் கணினி வாங்கச் சொல்கிறது" என்றார். ஆக, ஒரு நூலைத் திருத்த வேண்டுமானால் சந்தாவும் வேண்டும். அதற்கு மேல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கணினியும் வேண்டும்! அச்சுக்கு அனுப்பிய பி.டி.எஃப். படி மட்டும் இருந்தது. அதைக் கொண்டு பழைய பிழைகளோடு மறுபடி அச்சிடலாம். தந்தையின் திருத்தங்களை அதில் சேர்க்க இயலாது.

வாசகர்களே! இது ஒரு கடைக்காரரின் தனிப்பட்ட துன்பமன்று. நம் தமிழ் அச்சுத்தொழில் முழுவதும் கடந்து வந்த பாதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலம் 1990-களில் படிப்படியாக மறைந்து, கணினி அச்சுக்கோப்பு வந்தது. அன்று தமிழகத்தின் அச்சுக்கூடங்களிலெல்லாம் ஆட்சி புரிந்தது பேஜ்மேக்கர். ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985-இல் வெளியிட்ட மென்பொருள் அது. 1994-இல் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது. சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றால் அட்டைப் பெட்டியில் குறுந்தகடும் கையேடும் உரிம எண்ணும் கிடைக்கும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு முறை கொடுத்தால் போதும். பெட்டியைப் பரணில் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிட்டால், 'எனக்கு இதுவே போதும்' என்று சொல்லும் உரிமை வாங்கியவரிடம் இருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதன் பிறகு புதுப்பதிப்பே இல்லை. ஆயினும் நம் ஊர்களில் எத்தனையோ கடைகள் பல்லாண்டு காலம் அதை வைத்தே பிழைத்தன. கையில் பெட்டி இருந்ததே அதற்குக் காரணம்.

2013 மே மாதத்தில் அடோபி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முந்திய ஆண்டில் வெளிவந்த சி.எஸ்.6 தொகுதிதான் நிரந்தர உரிமத்தோடு விற்கப்படும் கடைசித் தொகுதி. இனி வருபவை யாவும் இணையவழிச் சந்தாவுக்கே என்பது அதன் சாரம். 2017-இன் தொடக்கத்தில் சி.எஸ்.6 விற்பனையும் நின்றது. இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சங்கடமும் சேர்ந்துகொண்டது. பேஜ்மேக்கர் கோப்புகளை அதே நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருளில் திறந்துகொள்ளலாம். ஆனால் அது சி.எஸ்.6 வரைதான். சந்தா முறையில் வந்த இன்டிசைன் அவற்றைத் திறப்பதில்லை! விலைக்கு விற்ற கடைசிப் பதிப்புதான் பழைய கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பும் ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள் தட்டச்சு செய்த மலர்களும் நூல்களும் அறிக்கைகளும் இந்த இடைவெளியில் விழுந்தன.

வீட்டு வரைபடம் எழுதும் பொறியாளர்களின் நிலையும் இதுவே. ஆட்டோகேட் மென்பொருளை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திக்கொண்டது. பழைய உரிமம் வைத்திருந்தவர் தொடரலாம்; புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் வாடகைதான் கட்ட வேண்டும்.

கணக்கு எழுதும் மென்பொருளின் கதை இன்னும் கவலைக்குரியது. அமெரிக்காவின் இன்டியூட் நிறுவனம் குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளை இந்தியாவில் இணையவழியே அளித்து வந்தது. 2022-இல், இந்தியாவில் இச்சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2023-இல் மூடியும் விட்டது. 'உங்கள் கணக்குகளை இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தவணை கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெட்டியில் வாங்கிய மென்பொருளாக இருந்திருந்தால், விற்றவர் கடையைக் கட்டிக்கொண்டு போனாலும் வாங்கியவரின் பேரேடு அவரோடுதான் இருந்திருக்கும்.

தவணையே இல்லாமல் பூட்டு விழுந்த நிகழ்ச்சியும் உண்டு. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி ஓர் இந்திய நிறுவனம். அதன் பங்குகளில் ஒரு பெரும் பகுதி ரஷ்ய நிறுவனமான ராஸ்நெஃப்டிடம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. முழுப்பணமும் கட்டிய உரிமம் எங்களிடம் இருக்கிறது, எங்கள் தகவல்களையே எங்களால் பார்க்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை திரும்பக் கிடைத்தது. தடை விதித்தது ஐரோப்பா. பூட்டியது அமெரிக்க நிறுவனம். இந்தியச் சட்டத்தில் அத்தடைக்கு இடமே இல்லை. வழக்கறிஞர்களை அமர்த்தும் வசதி படைத்த ஒரு பெருநிறுவனத்திற்கே இந்நிலை என்றால், வேங்கிக்கால் கடைக்காரர் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்?

2019 அக்டோபரில் வெனிசுலா நாட்டு மக்களின் கணக்குகளை மூடப்போவதாக அடோபி அறிவித்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. அமெரிக்க அரசின் ஆணையைக் காரணம் காட்டினார்கள். கட்டிய பணமும் திரும்பாது என்றார்கள். எதிர்ப்பு எழுந்த பின் சில வாரங்களில் அம்முடிவு மாறியது.

மென்பொருள் என்பது பொருளா, வெறும் அனுமதியா? இக்கேள்வி நம் உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்திற்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், 2004 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. குறுந்தகட்டில் பதித்துக் கடையில் விற்கும் மென்பொருள் சரக்கே. அதற்கு விற்பனை வரி விதிக்கலாம் என்றது அத்தீர்ப்பு. வரி வாங்கும் வேளையில் அது சரக்கு! உரிமை கேட்கும் வேளையில், 'இது சரக்கன்று, அனுமதிதான்' என்று உரிமப் பத்திரம் சொல்லும். அந்தப் பத்திரத்தை முழுவதும் படித்து 'சம்மதம்' அழுத்தியவர் நம்மில் எத்தனை பேர்? நான் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கொரு சிறு பரிகாரம் செய்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, பின்னாளில் பறிக்கப்படக்கூடிய மின்னணுப் பொருளை விற்பவர், அது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. விற்பனையில் குறையை மறைக்கலாகாது என்பது நம் வணிகர்களுக்கு மார்க்கம் கற்பித்த பழைய பாடம்தானே!

ஒருதலையாகப் பேசுவது முறையன்று. புதுப்பிப்பு என்றாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கி, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்று மிரட்டியது. பாதுகாப்புத் திருத்தம் செய்யப்படாத கணினிகளே அதற்கு இரையாயின. நம் அண்டையிலுள்ள திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அன்று பாதிக்கப்பட்டன. மேலும், 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது பழைய கணக்கு மென்பொருளால் காலம் தள்ள முடியவில்லை. அது நிறுவனத்தின் கட்டாயமன்று, சட்டத்தின் கட்டாயம். பெங்களூரின் டேலி நிறுவனம் வாடகை முறையையும் வைத்துக்கொண்டு, நிரந்தர உரிமத்தையும் விற்று, புதுப்பிப்புக்குத் தனியே ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது. கட்டணம் கட்டாவிட்டால் புதிய வசதி வராது. பழைய பேரேடு மூடிக்கொள்வதில்லை. இது நியாயமான ஒரு நடுவழி என்பது என் எண்ணம்.

ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதை எதில் சேர்ப்பது? விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 இலவசம்தான், ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினியை அது ஏற்பதில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்தார்கள். சிறு கடைக்காரருக்கு அது ஓராண்டு மூச்சு, அவ்வளவே.

இந்தச் சிக்கலைத் தமிழக அரசும் ஒரு காலத்தில் சந்தித்தது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக உமாசங்கர் பொறுப்பு வகித்தபோது, அங்கே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் புகுத்தப்பட்டது, பள்ளிகளுக்கும் சென்றது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்ற வேளையில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் பழகிய கைகள் மாற மறுத்தன. இலவச மடிக்கணினிகளில் பாஸும் இருந்தது, விண்டோஸும் இருந்தது. மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். ரிச்சி தெருவில் பெட்டி வாங்கியவர்களைவிட, ஐம்பது ரூபாய்க்குத் திருட்டுக் குறுந்தகடு வாங்கியவர்களே அன்று அதிகம். பிறர் உழைப்பைக் கூலியின்றி எடுத்துக்கொள்வது எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் கூடாத செயலே. நிறுவனங்கள் இணையத்திற்கு ஓடியதற்கு நம்முடைய அந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆனால் திருடியவனுக்குப் பூட்டிய பூட்டில், நேர்மையாகப் பணம் கட்டியவர்தான் இன்று மாட்டிக்கொண்டிருக்கிறார். திருடியவன் இன்றும் திருடிக்கொண்டுதான் இருக்கிறான்!

கடை வைத்திருக்கும் நம் இளைஞர்களிடமும், கணக்கு எழுதும் சகோதரிகளிடமும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வாடிக்கையாளர் தரும் கோப்பு ஓர் அமானிதம். அதை ஒரே நிறுவனத்தின் சாவியால் மட்டும் திறக்கக்கூடிய வடிவில் வைத்திருக்காதீர்கள். பக்கம் அமைத்த கோப்போடு கூட, எழுத்தை மட்டும் யூனிகோடில் தனியே சேமித்து வையுங்கள். அதை எந்தக் கணினியும் எந்தக் காலத்திலும் படிக்கும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் குவிந்து கிடக்கின்றனவா? லிப்ரே ஆஃபீஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2015 முதல் அவற்றைத் திறக்கிறது. பக்க அமைப்பு குலையலாம். எழுத்து கைக்கு வந்தால் அதுவே பெரிது. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் உள்ளன. புதிதாக நூல் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பழகிப் பாருங்கள். 2024-இல் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கிறது. முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும். என் மருமகன் அதை வாரம் ஒரு முறையாவது திட்டாமல் இருப்பதில்லை.

சந்தா கட்டியே ஆக வேண்டியவர்கள், ஆண்டு ஒப்பந்தமா மாத ஒப்பந்தமா என்பதைப் பார்த்துக் கட்டுங்கள். மாதந்தோறும் பணம் எடுப்பார்கள். ஆனால் ஒப்பந்தம் ஆண்டுக்கானதாக இருக்கும். இடையில் நிறுத்தினால், மீதித் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது என்று குற்றஞ்சாட்டித்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபியின்மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு நல்ல காவலை வைத்திருக்கிறது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு முன், இருபத்து நான்கு மணி நேரத்திற்கு முன்னதாகவே நமக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அனுமதியை நாமே விலக்கிக்கொள்ளவும் முடியும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அந்த ஆசிரியரின் நூலுக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சென்னையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதே மென்பொருளுக்குச் சந்தா கட்டி வருகிறார். கோப்பை அவருக்கு அனுப்பினோம். அங்கே திறந்தது. ஆனால் உள்ளே தமிழ் இல்லை! பழைய எழுத்துரு அவரிடம் இல்லாததால், பக்கம் முழுதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நின்றன. எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி அனுப்பி வைத்தார். பெரும்பகுதி சரியாக வந்திருக்கிறது. சில கொம்புகள் இடம் மாறியுள்ளன. சில ஊர்ப் பெயர்கள் உருக்குலைந்துள்ளன. கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது அந்தச் சகோதரி மாலையில் கடைக்கு வந்து, தந்தையின் படியை ஒரு பக்கமும் கணினியை மறுபக்கமும் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு வருகிறார். நான் கடைசியாகப் பார்த்தபோது அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே, 'இவர் மூத்தவரா இளையவரா, கேட்க வேண்டும்' என்று ஆசிரியர் எழுதி வைத்திருந்தார். மகள் வேலையை நிறுத்திவிட்டு, ஊரிலிருக்கும் தம் அத்தைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.